ரவென்னாவுக்குள் ஒரு சாம்பார் வாளி

ரசத்துக்கு வந்துவிட்டார்கள். பாலவண்ணநாதனுக்கு அது மூக்கிலேயே தெரிந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தின் கதவு ஒருமுறை திறந்து மூடினால் போதும், உள்ளே பந்தி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று மண்டபத்தின் கடைசி வரிசை நாற்காலியில் இருந்தபடியே சொல்லிவிடுவார். சற்றுமுன் நெய், அப்புறம் முருங்கைக்காய்ச் சாம்பார், இப்போது மிளகும் பூண்டும். ரசம் என்றால் அடுத்து பாயசம், பாயசம் என்றால் மோர், மோர் என்றால் இலையை மூடுவார்கள், மூடினால் இந்தப் பந்தி முடிந்தது, இனி ஒரே ஒரு பந்தி. அதிலும் கூப்பிடவில்லை என்றால்? அதை நினைக்கக் கூடாது. நினைத்தால் வயிறு கேள்வி கேட்கிறது. பக்கத்து நாற்காலியில் ஆவுடை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அவள் கட்டியிருந்த பட்டுப்புடவையைவிட விறைப்பாக. தென்காசிக்கு வரும் வழியிலேயே பஸ்ஸில் உத்தரவு போட்டாகிவிட்டது. "கேட்டியளா? அவுக வந்து வாய் திறந்து 'சாப்பிட வாங்க'ன்னு கூப்பிட்டாத்தான் எந்திரிக்கணும். கூப்பிடலன்னா கை நனைக்காமப் போயிருவோம். அதோட தீர்ந்துது, நான் ஒத்தப் பிள்ளையாப் பிறந்தேன்னு நினைச்சுக்கிடுவேன்." அவுக என்றது அவள் கூடப் பிறந்த தம்பி உலகநாதனை. இன்றைக்குக் கல்யாணம் அவன் மகளுக்கு. எட்டு வருஷத்துக்கு முன்பு அவன் இவளுக்கு 'ஏல'. 'ஏல உலகு, அந்தத் தண்ணிய எடு', 'ஏல, உனக்கு மூளை இருக்கா' என்றுதான் ஊர் கேட்கக் கூப்பிடுவாள். இப்போது அவுக. ஆவுடையின் வாயில் ஒருவருக்கு மரியாதை கூடிவிட்டால் அவர் ஊரை விட்டுப் போவது நல்லது.

பட்டினியோடு படையை நிறுத்தக் கூடாது. இதைப் பெலிசாரியஸ் அன்றைக்கே சொன்னார். ஆறாம் நூற்றாண்டில், கான்ஸ்டான்டிநோபிளில் இருந்துகொண்டு ஜஸ்டினியன் ஆண்ட காலத்தில், அவனுடைய தளபதி பெலிசாரியஸ், யூப்ரடீஸ் கரையில், ஈஸ்டருக்கு முந்தின நாள், விரதத்தில் காய்ந்து கிடந்த வீரர்களைப் பார்த்து, வேண்டாமப்பா, இன்றைக்குச் சண்டை வேண்டாம், வயிற்றில் ஒன்றும் இல்லை, பாரசீகர்கள் தானாகவே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறார்கள், போகட்டும் விடுங்கள் என்றார். கேட்டார்களா? கோழை என்றார்கள். சண்டை போட்டார்கள், தோற்றார்கள். கல்லூரியில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்திய பாலவண்ணநாதன் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கரும்பலகையைத் தட்டுவார். "வயிறுடா! சரித்திரத்துல பாதி வயிறு!" மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் வேறு எதையோ எழுதுவார்கள். பெலிசாரியஸ் பெயரைச் சொன்னால் படித்தவர்கள்கூட, "அவருதான கடைசில கண்ணு போயிப் பிச்சை எடுத்தவரு?" என்பார்கள். பொய். பின்னால் வந்தவன் எவனோ கட்டிவிட்ட கதை. ஆப்பிரிக்காவை எடுத்தார், சிசிலியை எடுத்தார், ரோமை எடுத்தார், எடுத்த ரோமுக்குள்ளேயே ஒரு வருஷம் முற்றுகையில் கிடந்தார், அதெல்லாம் ஒருத்தனுக்கும் தெரியாது, பிச்சை மட்டும் தெரியும். பின்னால் வந்த இன்னொரு முற்றுகையில் ரோம் ஜனங்கள் மதில் ஓரத்தில் முளைத்த கீரையைப் பறித்துத் தின்றார்களாம். கீரை. கீரைக் கூட்டு இன்றைக்கு உண்டா? இல்லை, கல்யாணத்தில் கீரை வைக்க மாட்டார்கள். அவியல் உண்டு. அவியலின் வாசனை வெளியே வராது, அது அடக்கமான பதார்த்தம்.

"என்ன சார்வாள், சாப்பிட்டாச்சா?" என்று பல்லைக் குத்திக்கொண்டே எதிரில் வந்து நின்றார் ஒருவர். ஏதோ ஒரு வழியில் சொந்தம், பெயர் நினைவுக்கு வரவில்லை, ஆனால் முதல் பந்தியில் உட்கார்ந்தவர் என்பது நெற்றியிலேயே எழுதியிருந்தது. பாலவண்ணநாதன் வாயைத் திறப்பதற்குள் ஆவுடை முந்திக்கொண்டாள். "என்ன அவசரம் அண்ணாச்சி? இப்பத்தான காலைல பலகாரம் சாப்பிட்டோம்." காலையில் என்பது விடியற்காலை, பலகாரம் என்பது வீட்டில் இரண்டு இட்லி. வந்தவர் ஏப்பம் விட்டார். "பாயசம் பிரமாதம். அடைப் பிரதமன்லா போட்ருக்கான்." போய்விட்டார். அடைப் பிரதமன். எதிரி அனுப்பும் தூதன் இப்படித்தான் வருவான். தாராக் கோட்டைக்கு வெளியே நின்ற பாரசீகத் தளபதி பெலிசாரியஸுக்கு ஆள் அனுப்பினானாம், 'நாளைக்கு நான் ஊருக்குள் வந்து குளிப்பேன், வெந்நீர் போட்டு வை' என்று. பெலிசாரியஸ் அசரவில்லை, அகழி வெட்டினார், ஜெயித்தார். பாலவண்ணநாதன் அகழி எங்கே வெட்டுவது? ஆவுடை கைப்பையைத் திறந்து, முந்தானைக்குள் மறைத்து, ஒரு பிஸ்கட்டை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "குனிஞ்சு, செருப்பைச் சரி பண்ற மாதிரி வாயில போடுங்க. யாரும் பாத்துட்டா மானம் போயிரும்." அவர் குனிந்தார், செருப்பைச் சரி பண்ணினார், மென்றார். ஆப்பிரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது எல்லோருக்கும் தண்ணீர் கெட்டுப்போனது, பெலிசாரியஸுக்கு மட்டும் கெடவில்லை, ஏனென்றால் அவர் மனைவி அன்டோனினா கண்ணாடி ஜாடிகளில் தண்ணீரை நிரப்பி, கப்பலின் அடியில் இருட்டான இடத்தில் மணலில் புதைத்து வைத்திருந்தாள். அந்த அன்டோனினாவுக்கு முன்னால், கோட்டைகளைப் பிடித்த மனிதர் வாய் திறக்க மாட்டாராம். பாலவண்ணநாதன் இதை மட்டும் வகுப்பில் சொன்னதில்லை.

உண்மையில் இது யாருடைய யுத்தம்? அவருடையது. அதுதான் வேடிக்கை. எட்டு வருஷத்துக்கு முன்பு உலகநாதன் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினான், மொட்டைமாடியில் பந்தல் போட்டுப் பந்தி. முதல் பந்தியில் இவர் உட்கார்ந்தார், இலை போட்டாகிவிட்டது, உப்பு வைத்தாகிவிட்டது, அந்த நேரம் பார்த்து உலகநாதனின் ஆபீஸ் பெரிய அதிகாரி மாடியேறி வந்து நின்றார், இடம் இல்லை. உலகநாதன் முழித்தான், வரிசையைப் பார்த்தான், இவரிடம் குனிந்து, "அத்தான், நீங்க வீட்டு மனுஷர்தான, அடுத்த பந்தியில உக்காருங்களேன்" என்றான். இவர் எழுந்துவிட்டார். வலித்ததா? இல்லை. சத்தியமாக இல்லை. அந்த நிமிஷம் அவர் யோசித்துக்கொண்டிருந்தது ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தைப் பற்றி. பெலிசாரியஸ் நகரத்துக்குள் நுழைந்த அன்று, தோற்றோடிய ராஜாவுக்காக முதல்நாள் சமைத்து வைத்திருந்த சாப்பாட்டை, அந்த ராஜாவின் வேலைக்காரர்களே பரிமாற, அந்த ராஜாவின் ஆசனத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒருவனுக்குப் போட்ட இலையில் இன்னொருவன் உட்காருவதுதான் உலகம் என்று இவர் நினைத்துக்கொண்டே எழுந்து, கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று, தெருவில் போன ஒரு எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவுடை மாடியேறி வந்து பார்த்தாள். இலையில் அதிகாரி, சுவரோரம் புருஷன். அவ்வளவுதான். "என் வீட்டுக்காரரைப் பந்தியிலேர்ந்து எழுப்பிட்டானா!" யாரைக் கொன்றாலும் மன்னிக்கலாம், பந்தியிலிருந்து எழுப்பியவனை மன்னிக்கிற வழக்கம் எந்த ஊரில் உண்டு? இவர் 'எனக்கு ஒன்றும் வருத்தமில்லை' என்று சொல்ல வாயெடுத்தார். "உங்களுக்குச் சூடு சொரணை இருந்தாத்தான வருத்தம் வரும், உங்களுக்கும் சேத்து நான்தான் படணும்" என்றாள். அன்றிலிருந்து பட்டுக்கொண்டிருக்கிறாள். தீபாவளி, பொங்கல், உலகநாதனுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது, எதற்கும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று மட்டும் இரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள், பசிக்கவில்லையாம். இன்றைக்குத் தாலி கட்டும்போது அந்தப் பெண் நிவேதா, அட்சதைக் கூட்டத்துக்கு நடுவே, அத்தை எங்கே என்று கண்ணால் தேடினாள். இவருக்குத் தெரிந்தது. ஆவுடைக்கும் தெரிந்திருக்க வேண்டும், கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றாள். மூடின மண்டபத்தில் என்ன தூசி?

அவர் புத்தகமும் நின்றது அந்த எட்டு வருஷத்தில்தான். பெலிசாரியஸின் வாழ்க்கையைத் தமிழில் எழுத ஆரம்பித்து, தாரா முடிந்தது, கார்த்தேஜ் முடிந்தது, நேப்பிள்ஸ் முடிந்தது, ரோம் முடிந்தது, ரவென்னாவில் வந்து வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. இத்தாலியை ஆண்ட கோத்துகளின் கடைசிக் கோட்டை ரவென்னா. உள்ளே பஞ்சம். அவர்கள் சொன்னார்கள், உன் சக்கரவர்த்திக்குப் பணிய மாட்டோம், நீ எங்களுக்குச் சக்கரவர்த்தியாக இரு, கதவைத் திறக்கிறோம். பெலிசாரியஸ் சரி என்பது போலத் தலையாட்டினார். தானியக் கப்பல்களோடு உள்ளே போனார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கோத்துப் பெண்கள் அந்தச் சின்னப் படையைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கா பயந்தீர்கள் என்று தங்கள் புருஷன்மார் முகத்தில் துப்பினார்களாம். உள்ளே போனபின் பெலிசாரியஸ் கிரீடத்தைத் தொடவில்லை, எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஜஸ்டினியன் காலடியில் வைத்தார். இது விசுவாசமா, ஏமாற்றா? அந்தத் தலையை ஆட்டின நிமிஷம் அவர் மனசில் என்ன இருந்தது? எட்டு வருஷமாகப் பாலவண்ணநாதன் பேனாவை மூடி மூடித் திறக்கிறார். கோழையா, கெட்டிக்காரனா, வெறும் கீழ்ப்படிகிறவனா? பெலிசாரியஸைத்தான் சொல்கிறார். கதவு திறந்தது. மோர்.

"ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்" என்று எழுந்தார். ஆவுடை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "போயிட்டு நேரா வாங்க. அந்தக் கதவுப் பக்கம் தலைவச்சுப் படுத்துராதீங்க." இல்லை என்றார். கதவுப் பக்கம் அவர் போகவும் இல்லை. நேப்பிள்ஸை வாசல் வழியாகவா பிடித்தார்கள்? தண்ணீர் வற்றிய கால்வாய்க்குள் ஊர்ந்துபோய்ப் பிடித்தார்கள். கை கழுவும் தொட்டியைச் சுற்றி, அண்டா தேய்க்கும் இடத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈர வாழைத்தண்டு ஒன்றில் வழுக்கி, சுவரைப் பிடித்து, சமையல்கட்டின் பின்வாசலில் போய் நின்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஒரு அப்பளம். ஒரே ஒரு அப்பளம் கிடைத்தால் இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடிப்பார். கூடை நிறைய அப்பளம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கை நீண்டது. "அண்ணாச்சி!" என்றது ஒரு குரல். கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. தலைமைச் சமையல்காரர், வியர்வையில் குளித்து, கையில் வாளியோடு. "பொண்ணு வீடுதான நீங்க? சும்மா நிக்கியளே! கடைசிப் பந்திக்கு இலை போட்டாச்சு, பரிமாற ஆளு பத்தல, இதப் பிடிங்க, ஓடுங்க." பொண்ணு வீடு இல்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் பொண்ணு வீடுதானே? பெண்ணுக்கு அத்தை புருஷன். இல்லை, பொண்ணு வீடு என்று பெண்ணின் அப்பா வந்து சொல்கிறவரை இல்லை, அதுதான் எட்டு வருஷ வழக்கு. ஆம் என்றால் ஆவுடைக்குத் துரோகம், இல்லை என்றால் பச்சைப் பொய். பாலவண்ணநாதன் ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். வாளி கைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் உச்சந்தலையில் அடித்ததுபோல உறைத்தது. இதுதான். அந்தத் தலையாட்டல் இப்படித்தான் இருந்திருக்கும்! மனசில் ஒரு மண்ணும் இருந்திருக்காது. பசி இருந்திருக்கும், கூச்சம் இருந்திருக்கும், யாரோ எதையோ கையில் திணித்திருப்பார்கள், தலை ஆடியிருக்கும். இதற்கா எட்டு வருஷம்!

கூடம் பெரிது, வரிசைகள் நீளம், முருங்கைக்காய் கரண்டிக்குள் வர மாட்டேன் என்றது. முதல் இலையில் சாம்பார் சோற்றைத் தாண்டிப் அவியலின் எல்லையில் போய் நின்றது, இலைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வயசானவர் என்று விட்டுவிட்டார். இரண்டாவது ஆள் தான் கேட்கவில்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "ரெண்டு காய் சேத்துப் போடுங்க" என்றார். மூன்றாவது இலைக்குள் கை பழகிவிட்டது. பந்தியில் உட்கார்ந்தால்தானே கூப்பிட்டார்களா என்ற கேள்வி? வாளி பிடித்தவனை யார் கூப்பிட வேண்டும்? வாளி பிடித்தவன்தான் கூப்பிடுகிறவன். தானியக் கப்பல், தானியக் கப்பல் என்று மனசு குதித்தது. கூடவே பயமும். ஆவுடை பார்த்தால்? ரவென்னா என்ற அவ்வளவு பெரிய வெற்றிக்கு ஜஸ்டினியன் ஒரு ஊர்வலம்கூடக் கொடுக்கவில்லை. பந்தியின் அந்தக் கோடியில் உலகநாதன் வந்துகொண்டிருந்தான், பட்டு வேட்டி, துண்டு, "நல்லாச் சாப்பிடுங்க, கூச்சப்படாதீங்க" என்று இலை இலையாகப் பந்தி விசாரித்துக்கொண்டு. இளைத்திருந்தான். நெஞ்சுவலிக்குப் பிறகு பாலவண்ணநாதன் அவனைப் பக்கத்தில் பார்க்கவே இல்லை. அவன் நிமிர்ந்தான். அத்தான். கையில் சாம்பார் வாளி. மகள் கல்யாணத்தில் வீட்டின் மூத்த மாப்பிள்ளையை வாளி தூக்க வைத்துவிட்டான் என்று ஊர் பேசினால் அதற்கு மேல் என்ன இருக்கிறது? துண்டு கீழே விழ ஓடிவந்தான்.

"அத்தான், என்ன வேல இது! குடுங்க அத்தான், வாளியக் குடுங்க!"

"இருக்கட்டும் மாப்ளே, இன்னும் அந்த வரிசை இருக்கு."

"ஐயோ, கால்ல வேணும்னாலும் விழுதேன். வாங்க, வந்து உக்காருங்க, சாப்பிடுங்க!"

ரவென்னாவின் கதவு திறந்த சத்தம் பாலவண்ணநாதனுக்கு மட்டும் கேட்டது. அவர் வாளியை விடவில்லை. "வீட்டு மனுஷன்தான மாப்ளே. அடுத்த பந்தியில உக்காருதேன்" என்றார். குத்திக் காட்டச் சொல்லவில்லை, சாமி சத்தியமாக, வாயில் வந்தது அதுதான். "அந்த ஒரு வார்த்தைக்கு எட்டு வருஷமாத் தூங்கல அத்தான். இன்னைக்கு மூணு தடவ உங்க நாற்காலி வரைக்கும் வந்தேன். அக்கா மூஞ்சியப் பாத்ததும் திரும்பிட்டேன். எல்லாருக்கும் முன்னால அவ 'வரமாட்டேன்'னு சொல்லிட்டான்னா நான் எங்க போய் நிப்பேன்?" முற்றுகை போட்டவனும் பட்டினி, உள்ளே இருந்தவனும் பட்டினி. சரித்திரத்தில் இது ஒன்றும் புதிது இல்லை. "நீ கூப்பிடத்தான் அவா காத்துக்கிட்டிருக்கா, போ" என்றார் பாலவண்ணநாதன். உலகநாதன் வாளியைப் பிடுங்கிக்கொண்டு, பிடுங்கியது மறந்துபோய், அதோடேயே மண்டபத்துக்குள் ஓடினான். இவர் பின்னால் போய்க் கதவோரம் நின்றார்.

ஆவுடை அப்படியே உட்கார்ந்திருந்தாள். தம்பி எதிரே நின்றான். வாளியிலிருந்து சாம்பார் ஒரு சொட்டு அவள் கால் பக்கத்தில் விழுந்தது. "அக்கா, சாப்பிட வா." அவள் வாளியைப் பார்த்தாள், அவன் தோளுக்கு மேலே பார்வையை நீட்டிக் கதவோரத்தில் சட்டையெல்லாம் சாம்பாராக நின்ற புருஷனைப் பார்த்தாள். பாலவண்ணநாதன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். "கூப்பிட்டா வரணும்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. புடவையைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவரைத் தாண்டும்போது, "உங்கள ஒண்ணுக்குத்தான போகச் சொன்னேன்" என்றாள் பல்லுக்குள்.

கடைசி வரிசையில் இரண்டு இலை கிடைத்தது. உட்கார்ந்தார்கள். தண்ணீர் தெளித்தாகிவிட்டது. உப்பு வந்தது, அவியல் வந்தது, அப்பளம், முழு அப்பளம், நொறுங்காதது. சோறு இரண்டு இலை தள்ளி வந்துகொண்டிருந்தது. பெலிசாரியஸ் அந்த ராஜாவின் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுகூட இத்தனை சந்தோஷமாக உட்கார்ந்திருக்க மாட்டார். கதவு திறந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பாவும் பெரியம்மாவும், வண்டி பஞ்சராகி, கோவில்பட்டியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து அப்போதுதான் வந்து நின்றார்கள். சம்பந்தி வீடு. காலி இலை ஒன்றும் இல்லை. உலகநாதன் வரிசையைப் பார்த்தான். அவன் கண் ஒவ்வொரு இலையாக நகர்ந்து, அக்காவிடம் வந்து, சூடு பட்டதுபோல விலகி ஓடியது. மறுபடி வரிசையின் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தான். பாவம், அவன் நெற்றி வியர்வை பாலவண்ணநாதனுக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவர் கை அப்பளத்தின் மேல் நின்றது.

ஆவுடை எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "வாங்க, வாங்க, இங்க உக்காருங்க" என்றாள் சம்பந்திகளைப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்க. "நான் பொண்ணுக்கு அத்தை. நாங்க வீட்டு மனுஷங்கதான், எங்களுக்கு என்ன அவசரம்?" அப்புறம் புருஷன் பக்கம் குனிந்தாள். "என்னத்த முழிச்சுக்கிட்டிருக்கிய? எந்திரிங்க."

பாலவண்ணநாதன் எழுந்தார். இதுதான் கடைசிப் பந்தி, அடுத்தது கிடையாது என்று அவருக்கு நன்றாகவே தெரியும், அவளுக்கும் தெரியும். யாரோ அவர் கையில் மறுபடியும் வாளியைக் கொடுத்தார்கள். வயிறு எரிந்தது. ஆவுடை நெய்ச் செம்போடு முதல் இலைக்குப் போய்விட்டாள்.

"அக்கா, இந்த வரிசைக்கு நெய் வரல!" என்று அந்தக் கோடியிலிருந்து கத்தினான் உலகநாதன்.

"ஏல, வாரேன், அதுக்கு ஏன் இப்படிக் கத்துத?" என்றாள் ஆவுடை.